ஒன்று ஐம்பது வண்டியில் கேட்ட கேள்வி

செஞ்சியில் தங்கியிருந்த நான்கு நாட்களில் நடந்தவை, வரிசைப்படி:

1. திங்கட்கிழமை, நான் கேட்ட கேள்வியால் ஒரு பெண் பேருந்தைத் தவறவிட்டார்.
2. செவ்வாய்க்கிழமை, அதே கேள்விக்கு ஒரு பேருந்து முழுக்க ஒரே பதில் வந்தது.
3. புதன்கிழமை, கேள்வியைத் திரும்பி வரும் வண்டிக்கு மாற்றினேன்.
4. வியாழக்கிழமை, ஒருத்தியைப் பற்றித் தெரிந்துகொண்டதை அறிக்கையில் மறைத்து எழுத முடிவு செய்தேன்.
5. ஒரு தவறு செய்தேன். அது என்னவென்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

சாப்பாடு, லாட்ஜ், வெயில் எல்லாம் பட்டியலில் இல்லை. அவை இடையிடையே வரும்.

நான் போக்குவரத்துப் பொறியாளர். ஊர் கோயம்புத்தூர். வேலை சென்னையில், பேருந்து வழித்தடங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில். வேலையில் சேர்ந்த பிறகு மாலை வகுப்பில் ஓராண்டு பாலினக் கல்வி படித்தேன். அலுவலகத்தில் அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. மகளிர் தினத்தன்று பேசக் கூப்பிடுவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தவும் இல்லை. அந்தப் படிப்பிலிருந்து நான்கு கேள்விகளை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். யார் செய்கிறார்கள்? எந்த நேரத்தில் செய்கிறார்கள்? அதற்கு என்ன பெயர் வைக்கிறார்கள்? பதில் சொல்லும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

செஞ்சிக்குப் போன காரணம் ஒரு பேருந்து. சிங்கவரம் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து தினமும் பகல் ஒன்று ஐம்பதுக்குப் புறப்பட்டு, இரண்டு இருபதுக்குச் செஞ்சி வந்து சேரும் வண்டி. ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

அந்த வண்டியில் கூட்டம் இருக்கிறது. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கட்டணமில்லாச் சீட்டில் வருகிறவர்கள். முன்பு நடந்த கணக்கெடுப்பில் இந்தப் பெண்களின் பயண நோக்கத்துக்கு நேரே ஏறக்குறைய எல்லா வரியிலும் 6 என்று இருந்தது. எங்கள் படிவத்தில் 1 வேலை, 2 கல்வி, 3 மருத்துவம், 4 கடை, 5 உறவினர் வீடு, 6 பொழுதுபோக்கு மற்றும் பிற. பொழுதுபோக்குக்காக ஓடும் வண்டியை நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது பரிந்துரை. இந்த 6 உண்மைதானா என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள்.

"மூணு நாள் இருந்துட்டு வந்து சரின்னு ஒரு வரி எழுதிடு," என்றார் என் மேலதிகாரி மாதவன் சார். "அப்படியே கோட்டையையும் ஏறிட்டு வா."

*

திங்கள் காலை வந்து இறங்கினேன். லாட்ஜ், பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில். பதிவேட்டில் கடைசிக் கட்டம் 'தந்தை / கணவர் பெயர்'. எனக்கு மேலே எழுதியிருந்த மூன்று ஆண்கள் அதைக் காலியாக விட்டிருந்தார்கள். நானும் விட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவைத் திரும்பவும் என் பக்கம் நீட்டினார்.

"நைனா பேரு எழுதும்மா."

"மேலே யாரும் எழுதலையே."

"அவங்கல்லாம் ஜென்ட்ஸு."

எழுதினேன். செஞ்சிக்கு ஒருமுறைகூட வந்திராத என் அப்பா அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்.

மதியம் மெஸ்ஸில் என்னைத் திரை போட்ட 'பேமிலி ரூமு'க்கு அனுப்பினார்கள். உள்ளே ஒரே மேஜை, மின்விசிறி இல்லை. தனியாக வந்தவளைக் குடும்பமாகக் கணக்கெடுத்திருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் கருவாடு சமைப்பதில்லை. எனக்கு அது தெரியாமல் போயிருந்த இருபத்தெட்டு வருடங்களை நினைத்துக்கொண்டு இரண்டாம் முறை ஊற்றச் சொன்னேன்.

ஒன்றே காலுக்கு வண்டி ஏறினேன். கண்டக்டர் ஏழுமலைக்கு ஐம்பது வயதிருக்கும். வெளியூர் முகம் என்று கண்டதும், "கோட்டைக்கு இந்த வண்டி போவாது மேடம்," என்றார். வேலையைச் சொன்னேன். "நிறுத்தறதா இருந்தா நிறுத்துங்க. எனக்கு ஒரு டீ டைம் கெடைக்கும். ஆனா இந்தப் பொம்பளைங்க என்னை ஊருக்குள்ள வுடமாட்டாங்க."

கடைசி நிறுத்தத்தில் ஒரு புளியமரமும் சிறிய மதகும் இருந்தன. இறங்கி மரத்தடியில் டேப்லெட்டோடு நின்றேன். வண்டி திரும்பி நின்றது. முதலில் வந்தவர் ஐம்பதை ஒட்டிய ஒரு பெண். கையில் ஒயர்கூடை, தோளில் துணிப்பை. பெயர் பச்சையம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்.

"வணக்கம்மா. எங்கே போறீங்க?"

அவர் நின்றார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு திரும்பி நடந்துபோய் மதகில் உட்கார்ந்தார். கூடையை இறக்கினார். தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தார். வண்டி ஹாரன் அடித்தது.

"ஏறு யக்கா, டைம் ஆவுது," என்றார் ஏழுமலை.

"நீ போப்பா. பொறப்படசொல்லவே கேட்டுடுச்சி இந்தப் பொண்ணு. செத்த உக்காந்துட்டுத்தான் வருவேன்."

"செத்தன்னா எவ்ளோ?"

"நீ போய்யா."

வண்டி போய்விட்டது. நானும் ஏறவில்லை. என்னால் நின்றுபோனவரை அங்கே விட்டுவிட்டுப் போவது சரியாகப் படவில்லை. அடுத்த வண்டி ஐந்து மணிக்கு. பத்து நிமிடம் கழித்து அவர் எழுந்து சிங்கவரம் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நானும் நடந்தேன். மூன்று கிலோமீட்டர், நிழல் கிடையாது, இரண்டு பக்கமும் நிலக்கடலை வயல். இங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர். போகிற வழியில் கூடையிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

"உங்க ஊர்ல பொறப்படறவங்களை எங்க போறன்னு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க. அம்மா திட்டுவாங்க."

"அப்புறம் இன்னாத்துக்குக் கேட்ட?"

"படிவத்துல இருக்கு."

"வந்தப்புறம் கேளு. வண்டி வண்டியா சொல்றேன்."

அவர் சொன்னது எனக்குத் தெரிந்த வழக்கம்தான். என் அம்மா இன்றுவரை நான் செருப்பு மாட்டும்போது 'எங்கே' என்று கேட்டதில்லை, மிஞ்சிப்போனால் 'தூரமா?' என்பாள். அது தெரிந்த நான்தான் இந்தப் படிவத்தை எழுதிய குழுவில் இருந்தேன். கேள்வி எண் ஒன்று என்னுடையது.

ஆனால் அன்று அதை ஒரு தனி ஆளின் நம்பிக்கை என்று மட்டுமே குறித்துக்கொண்டேன். ஒருவர் விலகி நிற்பதால் படிவத்தை மாற்ற முடியாது. சிங்கவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தோம். செஞ்சியில் இறங்கியதும், எந்தப் பக்கம் போகிறார் என்று நான் பார்த்துவிடாதபடி, கும்பலுக்குள் நுழைந்து மறைந்தார்.

*

செவ்வாய்க்கிழமை ஒன்று ஐம்பது வண்டிக்குள் ஏறிக்கொண்டு, அது கிளம்பிய பிறகு, உட்கார்ந்திருந்தவர்களிடம் வரிசையாகக் கேட்டேன். பதில்கள்:

"சும்மா."

"தோ, இங்கதான்."

"சும்மாதான், டவுனுக்கு."

"சும்மா ஒரு எட்டு."

அடுத்தவரும் சும்மா, அதற்கடுத்தவரும் சும்மா. ஒவ்வொன்றுக்கும் 6 தட்டினேன். பச்சையம்மா சன்னலோரம் இருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கூப்பி, "என்கிட்ட வராத தாயே," என்றார். வண்டியே சிரித்தது.

பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர் தானாகவே பதில் சொன்னார். "இதுங்களுக்கு இன்னாம்மா வேலை. டிக்கெட்டு இல்ல, சும்மா சுத்தப் போவுதுங்க."

"ஆமாம்யா," என்றார் முன்சீட்டுப் பெண், திரும்பாமலே. "நாங்க சுத்தலன்னா உனக்கு சுகர் மாத்திரை எவன் வாங்கியாறான்?"

"நான் பொதுவா சொன்னேன்."

"நீங்க எங்கே போறீங்க?" என்று அவரையும் கேட்டேன்.

முகம் சுளித்தார். "ஒரு வேலையா."

"என்ன வேலை?"

"வேலையான்னா வேலையாதான்."

1 தட்டினேன்.

இரண்டு இருபதுக்கு இறங்கினேன். பேருந்து நிலையத்தில் ரோஸ்மில்க் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்தேன். பழைய கணக்கெடுப்பும் என்னுடையதும் ஒன்றுபோல் இருந்தன. மாதவன் சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப பழைய டேட்டா கரெக்ட்தான். உன் ஜென்டர் படிப்புக்கு இந்த ஊர்ல வேலை இல்லபோல," என்றார். கிண்டல்தான், கெட்ட மனிதர் இல்லை.

ரோஸ்மில்க் தீர்வதற்குள் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பெரியவரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. புறப்படும்போது கேட்கும் கேள்வி அவருக்கும் பிடிக்காது. அதைத் தட்டிவிட ஆண்களிடம் ஒரு சொல் இருக்கிறது: வேலையா. பெண்களிடம் ஒரு சொல் இருக்கிறது: சும்மா. இரண்டு பேரும் போகுமிடத்தை மறைத்தார்கள். ஒரு மறைப்பை நான் வேலை என்று எழுதினேன், இன்னொன்றைப் பொழுதுபோக்கு என்று. என் நோட்டின் மூன்றாவது கேள்வி, 'அதற்கு என்ன பெயர் வைக்கிறார்கள்', என்னைப் பார்த்தே கேட்டதுபோல் இருந்தது. பெயர் வைத்தது நான்.

எழுந்து போய்க் காலிக் கோப்பையைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். "எங்கம்மா, கோட்டைக்கா?" என்றார். சும்மா என்றேன். வாயில் அதுதான் வந்தது.

*

புதன்கிழமை காலை முழுக்க வேலையில்லை. கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் விற்கும் தள்ளுவண்டியில் நின்று குடித்தேன். இங்கே நின்று குடிக்கும் இடங்களில் பெண்கள் குறைவு. கூழ்க்காரப் பெண் எனக்கு மட்டும் ஸ்டூல் போட்டார். அதையும் குறித்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாது.

நான்கே காலுக்குச் செஞ்சியிலிருந்து ஊருக்குத் திரும்பும் வண்டியில் ஏறினேன். அந்த வண்டியை நிறுத்தும் பேச்சே இல்லை, பள்ளிப் பிள்ளைகள் வருவதால். பச்சையம்மா பக்கத்தில் இடம் கிடைத்தது.

"எங்கே போயிட்டு வர்றீங்க?"

"வா, இப்ப கேளு," என்றார், சேலையைச் சரிசெய்து உட்கார்ந்தபடி. "ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கில்ல, வூட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை. மதியத்துக்கு மேல போனாத்தான் கூட்டம் இருக்காது. வழியில பொண்ணு வூட்ல மல்லாட்டை குடுத்தேன், அவ புள்ளைக்கு ஜுரம், தொட்டுப் பாத்தேன். ரேஷன் கார்டுல மருமவ பேரைச் சேக்கணும், தாலுகா ஆபீசுல நாளைக்கு வான்றான், நாளைக்கு வான்றான், இன்னிக்கும் நாளைக்கு வான்றான். மிக்சி ஜாரு ரிப்பேரு. அப்புறம் நாத்தனாரு செருப்பு தைக்கக் குடுத்தது. இவ்ளோதான். திங்கக்கிழமையும் இதே மாத்திரைக்குத்தான் வந்தேன். உன்னால மருந்து குடுக்கற இடத்தைச் சாத்திட்டான். நேத்து தாலுகா ஆபீசுலயே நேரம் போயிடுச்சி."

"மன்னிச்சுக்கங்க."

"அது கெடக்குது. எழுதிக்கினியா?"

டேப்லெட் ஒரு பதிலைத்தான் ஏற்கும். மருத்துவம் என்றால் ரேஷன் கார்டு போய்விடும். டேப்லெட்டை மடியில் கவிழ்த்துவிட்டு நோட்டில் எழுதினேன். அதைப் பார்த்த முன்சீட்டுப் பெண் திரும்பி, "என்னுதையும் எழுதிக்க," என்றார். தன் மாமியாரின் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போனது, மகனின் சாதிச் சான்றிதழ், விதை மல்லாட்டை விலை விசாரித்தது, மூன்றையும் சொன்னார். பிறகு கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சிங்கவரம் தாண்டுவதற்குள் நோட்டில் ஆறு பக்கம் நிறைந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினார். ("ஏய், உரக்கடைக்கும் போனியே, அதை வுட்டுட்ட.") காலையில் நூறுநாள் வேலை அல்லது களை எடுப்பு, சமையல் முடித்து மதியம் இந்த வண்டி, பிள்ளைகள் வருவதற்குள் திரும்புவது. இந்த இரண்டரை மணி நேரத்தில்தான் ஊரின் மாத்திரைகளும் சான்றிதழ்களும் நடக்கின்றன.

கடைசி சீட்டில் ஒருத்தி மட்டும் பேசவில்லை. முப்பத்து நான்கு வயதிருக்கும். மடியில் துணிப்பை, அதன்மேல் விரல்கள் எதையோ தட்டிக்கொண்டிருந்தன.

"நீங்க?"

"சும்மாதான் போய்ட்டு வரேன்," என்றாள். சொன்னபடியே சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பச்சையம்மா என் காதருகே குனிந்தார். "அது தாமரை. வாரத்துல ஆறு நாளு போவுது. கேட்டா சும்மான்னுது. போவசொல்லவும் சும்மா, வரசொல்லவும் சும்மா. ஊர்ல இன்னா இன்னாமோ பேசறாங்க."

நான்காவது கேள்வி: பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? வண்டி முழுக்க இருந்தார்கள். நோட்டை மூடினேன்.

மாலை அம்மாவைக் கூப்பிட்டேன். வழக்கமாக 'என்னம்மா பண்றே' என்பேன், 'சும்மா உக்காந்திருக்கேன்' என்பாள். அன்று, "இன்னிக்கு என்னென்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"ஏன் கண்ணு, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

*

வியாழக்கிழமை மதியம், ஆறு பக்கத்தையும் நகல் எடுக்கக் கடைத்தெருப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கு மேலே மாடியிலிருந்து தட்டச்சு இயந்திரங்களின் சத்தம் வந்தது. மூன்றரைக்கு அது நின்றது. படிக்கட்டில் கல்லூரிப் பெண்கள் இறங்கினார்கள். கடைசியாகத் தாமரை இறங்கினாள்.

என்னைப் பார்த்ததும் ஒரு படி மேலே ஏறினாள். பிறகு இறங்கி வந்தாள்.

"பஸ்ல கேக்காதீங்க," என்றாள்.

"கேக்க மாட்டேன்."

எதிர்க்கடையில் கரும்புச்சாறு குடித்தோம். அவள் நின்றது நிழலுக்காக மட்டுமில்லை. தெருவுக்கு முதுகு காட்டி நின்றாள்.

போன வருடம் தட்டச்சில் லோயர் தேர்வு எழுதினாள். ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனாள். தேர்ச்சி பெறவில்லை. "அதுலேர்ந்து எனக்கு ஊர்ல பேரே 'டைப்பிஸ்ட்டு'தான். தண்ணி பிடிக்கப் போனா, 'வா டைப்பிஸ்ட்டு, ஆபீஸ் லீவா?' ரேஷன் கடையில 'டைப்பிஸ்ட்டம்மாவுக்கு வழி வுடுங்க.' நாலு மாசம். அப்புறம் மறந்துட்டாங்க. இந்த வாட்டி யார்கிட்டயும் சொல்லல. பாஸ் பண்ணிட்டு சொல்லிக்கறேன்."

"வீட்டுல?"

"அவருக்குத் தெரியும். அவரு மெட்ராஸ்ல சென்ட்ரிங் வேலை, மாசம் ஒரு வாட்டி வர்றாரு. 'நீ படி, நான் வாயைத் தொறக்கல'ன்னாரு. மாமனாருக்கு மகளிர் குழு வேலைன்னு சொல்லியிருக்கேன்."

"நேரம் எப்படி?"

அவள் விரல் விட்டுச் சொன்னாள். எனக்குப் பட்டியல் போடுகிறவர்களைப் பிடிக்கும். "ஒரு மணி வரைக்கும் நூறுநாள் வேலை. ஒன்னரைக்கு மாமனாருக்கு சோறு. ஒன்னு அம்பது வண்டி. ரெண்டரையிலேர்ந்து மூணரை கிளாசு. நாலே கால் வண்டி. அஞ்சு மணிக்குப் புள்ளைங்களுக்கு டீ. சனிக்கிழமை ஸ்பீடு டெஸ்ட்டு, அது ரொம்ப முக்கியம். போன வாட்டி எனக்கு ஸ்பீடுலதான் போச்சு." டம்ளரைக் கீழே வைத்தாள். "இந்த வண்டிய நிறுத்தப் போறாங்களாமே?"

"அப்படி ஒரு பரிந்துரை இருக்கு."

"உங்க கையில இருக்குதா?"

"என் கையில ஒரு அத்தியாயம்தான் இருக்கு."

"அதுல என்னைப் பத்தி எழுதுவீங்களா?"

இதுதான் அன்று நான் யோசித்த விஷயம். பெயர் எழுதுவதில்லை. ஆனால் அந்த வண்டியில் கல்விக்காக வருகிறவள் அவள் ஒருத்திதான். அட்டவணையில் 2-க்கு நேரே 'ஒருவர்' என்று இருந்தால், அது ஊராட்சி அலுவலகம் வரை போனால், யார் அந்த ஒருவர் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கல்வியையும் மருத்துவத்தையும் அரசு அலுவலகத்தையும் சேர்த்து 'சேவைகளைப் பெறுதல்' என்று ஒரே வரியாக்கிவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். முழுதும் புரிந்ததா தெரியவில்லை.

"அதாவது, கூட்டத்தோட கூட்டமா நிக்க வச்சிடுவீங்க."

"ஆமாம்."

"அது போதும்," என்றாள்.

நான்கே கால் வண்டிக்கு நாங்கள் தனித்தனியாக நடந்தோம். அவளுடைய யோசனை.

மறுநாள் சென்னை. கோட்டை ஏறவில்லை. நான்கு நாளும் எந்தச் சன்னலில் இருந்து பார்த்தாலும் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை தெரிந்தது. அது போதுமென்று தோன்றியது.

*

மாதவன் சார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவருக்குப் பல நோக்கங்களைப் பதிந்தால் பழைய கணக்கெடுப்போடு ஒப்பிட முடியாது என்றார். அது சரியான ஆட்சேபணை. ஆறு பக்கத்தையும் அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கூப்பிட்டார்.

"இந்த நாத்தனார் செருப்பு வரைக்கும் எழுதணுமா?"

"அவங்க சொன்னாங்க சார்."

"என் வொய்ப்கிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். அவ சிரிக்கலை," என்றார். அத்தியாயம் உள்ளே போனது. அதில் மூன்று விஷயங்கள் இருந்தன: பயண நோக்கத்தைத் திரும்பும் வண்டியில் கேட்க வேண்டும், ஒரு பயணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில்களை ஏற்க வேண்டும், ஒன்று ஐம்பது வண்டியை நிறுத்தக் கூடாது.

இரண்டு மாதம் கழித்துப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து முடிவு வந்தது. ஒன்று ஐம்பது வண்டி திங்கள் முதல் வெள்ளி வரை தொடரும். சனி, ஞாயிறு நிறுத்தம். காரணம் ஒரே வரியில் இருந்தது: வார இறுதி நாட்களுக்கு ஆய்வுத் தரவு இல்லை.

நான் செஞ்சியில் இருந்தது திங்கள் முதல் வியாழன் வரை. வார நாட்களின் தரவை வைத்து வாரம் முழுவதற்கும் எழுதினேன். அவர்கள் இருந்த தரவுக்கு மட்டும் வண்டி கொடுத்தார்கள். என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமைப் பக்கத்தில், என் கையெழுத்தில், 'சனி — ஸ்பீடு டெஸ்ட்' என்று அடிக்கோடு போட்டு இருந்தது.

போன சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு செஞ்சிக்குப் போனேன். அதே லாட்ஜ். அப்பா பெயரைக் கேட்பதற்குள் எழுதிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு ஜெராக்ஸ் கடைப் பக்கம் போனபோது தாமரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அதே பை. இன்ஸ்டிட்யூட்டை இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒன்று ஐம்பது வண்டி இல்லாததால் சனிக்கிழமைகளில் அவள் பதினொன்று பத்து வண்டியில் வந்துவிடுகிறாள். மாமனாருக்கு அன்று சோறு போடுவது அவள் மகள். மகனுக்குப் பதின்மூன்று வயது, மகளுக்குப் பதினொன்று.

"தப்பு என்னுது," என்றேன். எப்படி என்று விளக்கினேன்.

கடைசிவரை கேட்டாள். "நீங்க சனிக்கிழமை வந்திருந்தா சரியாயிருக்கும்."

"ஆமாம்."

"இப்ப வந்துட்டீங்க இல்ல."

பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "மூணு வாரமா இங்க உக்காந்திருக்கேன். நம்ம ஊருக்காரங்க எல்லாரும் இந்த வழியாத்தான் போறாங்க," என்றாள்.

நான்கே காலுக்குத் திரும்பும் வண்டியில் ஏறி எல்லோரிடமும் கேட்டேன். இம்முறை எத்தனை பதில் சொன்னாலும் டேப்லெட் ஏற்றது. சனிக்கிழமையில் சந்தைச் சாமான், சந்தையை விட அதிகமாக மருத்துவமனை. பச்சையம்மா தன்னுடைய ஐந்து வேலைகளையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசி சீட்டைக் கண்ணால் காட்டினார்.

"எங்க ஊரு டைப்பிஸ்ட்டு. படிக்கட்டுல வெயில்ல கெடக்குது, பாத்தியா? மேல கதவைத் தொறந்து வைக்கச் சொல்லு அந்த டீச்சர்கிட்ட. இல்லன்னா அந்த வண்டிய வுடச் சொல்லு."

கடைசி சீட்டு வரை போனேன். வண்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்க மாட்டேன் என்று சொன்னது நினைவிருந்தது.

"டைப் கிளாசு," என்றாள் தாமரை, கேட்காமலே. "போட்டுக்கங்க."

இன்றைய நிலை இது. சனிக்கிழமைத் தரவை எங்கள் நிறுவனத்தின் பெயரில் அனுப்பியிருக்கிறோம். கிடைத்ததாகப் பதில் வந்திருக்கிறது, முடிவு வரவில்லை. அட்டவணையில் கல்வி என்று தனி வரி இருக்கிறது, அதற்கு நேரே 'ஒருவர்' என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம் போகிறேன். தாமரையின் தேர்வுக்கு இன்னும் ஐந்து சனிக்கிழமைகள் இருக்கின்றன.